நல்கைப் பணம் முடிந்த மறுநாள் இணையதளத்தை யார் பார்த்துக்கொள்வது?

"மூணு வருஷம் உட்கார்ந்து ஏத்தின சுவடிப் படங்கள் திறக்க மாட்டேங்குது. ஏதாவது பண்ண முடியுமா?" மறுபடியும் ஒரு கடிதம். காரணமும் மாறவில்லை. தளத்தின் இணைய முகவரியான டொமைன் பெயர், திட்டத்தில் வேலை பார்த்த ஒருவரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. ஒப்பந்தம் முடிந்து அவர் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகளை யாரும் படிக்கவில்லை. மூலப்படங்கள் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில், பீரோவுக்குள். அதை இப்போது கணினியில் செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது. வருஷா வருஷம் ஓர் ஆயிரம் ரூபாய் கட்டிக் காப்பாற்றியிருக்க வேண்டியது, லட்சக்கணக்கில் போட்ட பணத்தோடு போயிற்று.

டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்கிற துறைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட தமிழ்ப்பெயர் இன்னும் அமையவில்லை. 'எண்ணிம மானுடவியல்' என்றால் மானுடவியல்காரர்கள், அதாவது ஆந்த்ரோபாலஜிக்காரர்கள், சண்டைக்கு வருவார்கள். பெயர் கிடக்கட்டும். சுவடி, கல்வெட்டு, பழைய அச்சு நூல், வாய்மொழிப் பதிவு ஆகியவற்றைக் கணினியின் துணையோடு தொகுத்து, பதிப்பித்து, ஆராய்கிற வேலை அது. இந்த வேலைக்குப் பணம் எப்படி வருகிறது, எப்போது நிற்கிறது என்று தெரியாமல் இறங்குகிறவர்கள்தான் மேலே சொன்ன கடிதத்தை எழுதுகிறார்கள்.

"ஸ்கேன் பண்ணிப் போட்டாச்சு, இனி அழியாது." இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது. பனையோலையைப் பரணில் போட்டுவிட்டு ஐம்பது வருஷம் கழித்து எடுங்கள்; பூச்சி தின்றது போக மிச்சத்தைப் படித்துவிடலாம். ஹார்டு டிஸ்க்கைப் பரணில் போட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்து எடுங்கள், பார்ப்போம். ஓலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும். கோப்பு ஒரே நாளில் முழுசாகச் சாகும். ஓலைக்கு எலுமிச்சம்புல் எண்ணெய் தடவுகிற மாதிரி கோப்புக்கும் ஓயாத பராமரிப்பு உண்டு: ஐந்தாண்டுக்கு ஒருமுறை டிஸ்க்கை மாற்றுவது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்சம் (கோப்பிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஓட்டிக் கோப்பு சிதைந்திருக்கிறதா என்று பார்ப்பது, வழக்கொழியும் வடிவத்திலிருந்து புதிய வடிவத்துக்குக் கொண்டுபோவது. கடைசியாகச் சொன்னதற்கு நம் வீட்டிலேயே சாட்சி உண்டு. பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் இலவசமாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக் குறியாக்கங்களில் ஆரம்பித்து, டிஸ்கி என்ற பொதுத் தமிழ்க் குறியாக்கத்துக்கு வந்து, பிறகு யூனிகோடுக்கு மாறியது. மாற்ற ஆள் இருந்ததால் இன்றும் படிக்கிறோம். அதே காலத்தில் ஏதோ ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்து ஃபிளாப்பியில் வைத்தவர்களின் உழைப்பு எங்கே என்று கேட்காதீர்கள்.

"மதுரைத் திட்டம் பணமே இல்லாமல்தானே நடந்தது?" என்று உடனே ஒரு குரல் வரும். தன்னார்வலர்கள் நடத்தினார்கள், உண்மை. அவர்கள் கையாண்டது எளிய உரைக்கோப்பு. நூல் ஒன்றுக்குச் சில நூறு கேபிதான். உலகமெங்கும் பலர் நகலெடுத்து வைத்துக்கொள்ளலாம். சுவடிப் படம் அப்படியா? கணக்குப் போடுங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படத்தைச் சுருக்காத டிஃப் கோப்பாக்கினால், புள்ளிக்கு 3 பைட் வீதம் 72 எம்பி. நூறு ஏடுள்ள கட்டில், பக்கத்துக்கு ஒரு படம் என்றால் 200 படம்; 14.4 ஜிபி. முந்நூறு கட்டுக்கு 4.3 டிபி. மூன்று பிரதி வைக்க வேண்டும், அதில் ஒன்று வேறு ஊரில். ஆக 13 டிபி. இதைத் தன்னார்வலர் வீட்டு லேப்டாப்பில் வைக்க முடியாது.

இனி நல்கைக்கு வருவோம். அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கென பிரிட்டிஷ் நூலகம் 2004 முதல், ஆர்கேடியா அறக்கட்டளையின் பணத்தில், ஒரு திட்டம் நடத்துகிறது. முன்னோட்டப் பணிக்கு 15,000 பவுண்டு வரை, பெரும் பணிக்கு 1,50,000 பவுண்டு வரை தந்துவந்திருக்கிறது. மூலத்தை நாட்டை விட்டு எடுத்துப்போவதில்லை. படத்தின் பிரதி உள்ளூர் நிறுவனத்திலும் லண்டனிலும் தங்கும். நல்ல ஏற்பாடு. இருபது, இருபத்தொன்றாம் நூற்றாண்டு ஆவணங்களுக்கு இதே அறக்கட்டளையின் உதவியோடு லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் 2018 முதல் இன்னொரு திட்டத்தை நடத்துகிறது. இரண்டுமே உருவாக்குவதற்குத்தான் பணம் தருகின்றன. முடிந்த பிறகு உங்கள் ஊரில் இருக்கிற பிரதியின் மின்கட்டணத்தையும் ஆள் கூலியையும் அவர்கள் கட்ட மாட்டார்கள். கட்டுவார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

"லண்டனில் ஒரு பிரதி இருக்கிறதே, போதாதா?" போதாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. இந்தத் திட்டத்தின் படங்கள் உட்பட அதன் இணையச் சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த கதி. உள்ளூர்ப் பிரதியைச் சம்பிரதாயத்துக்கு வாங்கி அலமாரியில் பூட்டி வைத்தவர்கள் அன்றைக்காவது அதை எடுத்துத் திறந்து பார்த்திருந்தால் சரி.

பணம் கொடுப்பவர் கையை விரித்த வரலாறும் நீளம். பிரிட்டனில் கலைப்புலத் தரவுகளைக் காக்கவென்றே 1996இல் அமைத்த கலை, மானுடப் புலங்களுக்கான தரவுச் சேவைக்கு 2008இல் நிதி நின்றது. அமெரிக்காவில் மெலன் அறக்கட்டளைப் பணத்தில் 2008இல் பெரிய ஆரவாரத்தோடு தொடங்கிய, ஆய்வாளர்களுக்குப் பொதுவான கணினிக் கருவிகளை அமைக்கும் 'பாம்பூ' திட்டம் நான்கே ஆண்டில் முடிந்தது. 2025 ஏப்ரலில் அந்நாட்டு மானுடப் புலங்களுக்கான தேசிய நிதியம், ஏற்கெனவே ஒப்புதல் அளித்திருந்த நல்கைகளில் 1,400க்கும் மேற்பட்டவற்றை ஒரே வீச்சில் ரத்துசெய்தது. பாதி வேலையில் நின்றவர்கள் ஏராளம். அரசுப் பணம் என்றால் உறுதி என்று நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளிலேயே செய்ய வேண்டியவை இருக்கின்றன. கேமரா, விளக்கு, நகலெடுப்பு மேசை இவற்றுக்கு விலைப்புள்ளி வாங்க ஓடுவதற்கு முன்னால், ஆட்களைக் கணக்கிடுங்கள். ஏட்டைத் துடைத்து மை தடவுபவர், படமெடுப்பவர், படத்தைச் சரிபார்ப்பவர், விவரக்குறிப்பு எழுதுபவர். கடைசி ஆளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். படமெடுப்பதைவிட அதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும். முதல் ஏட்டில் என்ன நூல், கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர் உண்டா, கொடுத்திருப்பது கொல்லம் ஆண்டா பிரபவாதி ஆண்டா, புள்ளியில்லாத எழுத்தை எப்படிப் பிரிப்பது, இதெல்லாம் தெரிந்தவர்கள் கைவிரலில் அடங்குவார்கள். அப்படிப்பட்டவருக்கு 'மதிப்பூதியம்' என்று கவரில் ஐந்நூறு ரூபாய் வைத்துக் கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அவர் எழுதவில்லையென்றால் உங்களிடம் இருப்பது 'ஐஎம்ஜி 4532' என்ற பெயரில் அறுபதாயிரம் படம். தேடினால் எதுவும் கிடைக்காத குவியல்.

வெளிநாட்டு நல்கைக்கு இந்திய அறக்கட்டளைகள் விண்ணப்பிக்கும்போது இன்னொரு கண்ணி உண்டு. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் ஒரு டாலரும் வாங்க முடியாது. பதிவுக்குக் குறைந்தது மூன்றாண்டு செயல்பட்டு, அந்தக் காலத்தில் 15 லட்ச ரூபாய் முக்கியப் பணிகளுக்குச் செலவழித்திருக்க வேண்டும். பணம் முதலில் புது தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வந்து விழும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. "நாங்க வாங்கி உங்களுக்குப் பிரிச்சுத் தர்றோம்" என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். நல்கை அறிவிப்பு வந்த பிறகு பதிவுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, கொஞ்சம் கோபமாகவும்.

தளத்தைக் கட்டும்போது, டேட்டாபேஸ், உள்நுழைவு, சுழலும் முகப்பு என்று கேட்டு வாங்காதீர்கள். கனடாவின் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் 'எண்டிங்ஸ்' என்றே ஒரு திட்டம் நடந்தது. திட்டம் எப்படி முடிய வேண்டும் என்பதைத் தொடங்கும்போதே யோசிக்க வேண்டும் என்பது அதன் வழி. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் மட்டும். சர்வரில் டேட்டாபேஸ் போன்ற எந்த மென்பொருளும் தளத்துக்காக ஓடக்கூடாது. அப்படிச் செய்த தளத்தை ஒரு பென் டிரைவில் போட்டு எந்தச் சர்வரிலும் இறக்கி வைக்கலாம். தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் செய்து, இரண்டு வருஷம் செருகுநிரலைப் புதுப்பிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று சூதாட்டத் தள விளம்பரங்கள் வந்து சொல்லும்.

வேலை தேடி வருகிற பிள்ளைகளுக்குத் தனியாக. இந்தத் துறையின் பிறப்பை 1949இல், பாதிரியார் ராபர்ட்டோ பூசா ஐபிஎம் உதவியை நாடியதிலிருந்து சொல்வார்கள். இடைக்காலக் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் சொற்களுக்கு 56 தொகுதியில் அடைவு வந்தது. துளை அட்டைகளில் அத்தனை சொல்லையும் பதித்தது இத்தாலியின் கல்லாராத்தேயில் பயிற்சி பெற்ற இளம் பெண்கள். அவர்களின் பெயர்கள் அண்மைக்கால ஆய்வாளர்கள் தேடிப் போன பிறகுதான் வெளியே வந்தன. எழுபது வருஷம் கழித்தும் ஸ்கேன் மேசையில் நிற்கிறவருக்குத் தொகுப்பூதியம்தான், நூல்முகத்தில் பெயர் இல்லை.

மேலே சொன்ன லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2015இல் மாணவர் உரிமைகள் குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்கேன், தட்டச்சு போன்ற இயந்திர வேலையைச் சம்பளமில்லாமல் மாணவர் செய்யக்கூடாது. மதிப்பெண் சம்பளமாகாது என்கிறது. அச்செடுத்துத் துறைச் சுவரில் ஒட்டுங்கள்.

சேருமுன் கேளுங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? நீட்டிப்புக்குப் பணம் இப்போதே கையில் இருக்கிறதா, இல்லை "வரும்" என்கிறார்களா? தளத்தில் என் பெயர் எங்கே வரும்? நான் எழுதிய விவரக்குறிப்பை என் பணியாகக் காட்டலாமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று தயங்க வேண்டாம். ஐரோப்பா போனால் நிரந்தரம் என்ற கனவும் வேண்டாம். ஜெர்மனியில் முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு, பின் ஆறு ஆண்டு என்று தற்காலிக ஒப்பந்தத்துக்குச் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது; அதை எதிர்த்து 2021இல், சட்டத்தை விளக்கும் அரசுக் காணொளியில் வந்த கற்பனை ஆய்வாளரின் பெயரைச் சொல்லி, 'நான்தான் ஹன்னா' என்று ஆயிரக்கணக்கான ஆய்வாளர்கள் குரல் எழுப்பினார்கள். அங்கே அறிவியல் கழகங்களின் நெடுங்காலத் திட்டங்கள் விதிவிலக்கு. சங்க இலக்கியத்துக்கு மின்தொகுப்பும் வரலாற்று அகராதியும் செய்ய ஹாம்பர்க்கில் 2023இல் தொடங்கிய 'தமிழெக்ஸ்' இருபதாண்டுக்கு மேல் நடக்கத் திட்டமிட்டது. அகராதி என்றால் அவ்வளவு காலம் பிடிக்கும் என்று புரிந்தவர்கள் பணம் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அதே வேலையை இரண்டு நிதியாண்டில் முடிக்கச் சொல்கிறோம்.

கூட்டாளி நிறுவனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாநாட்டில் கட்டுரை வாசித்துப் படம் எடுத்துக்கொள்வதோடு உறவு முடிந்துவிடக்கூடாது. உங்கள் 4.3 டிபியில் ஒரு பிரதியை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அவர்களுடையதை நீங்கள் வையுங்கள். எழுத்தில் ஓர் ஒப்பந்தம், ஆண்டுக்கு ஒருமுறை செக்சம் ஒப்பீடு, போதும்.

இதைப் படித்து முடித்ததும் செய்ய ஒரு சின்ன வேலை: உங்கள் தளத்தின் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எப்போது காலாவதி என்று பாருங்கள். தனிநபர் பெயரில் இருந்தால், அவர் இன்னும் தொலைபேசியை எடுக்கிறபோதே நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.