பாதியில் விட்ட நாவல் மூளையில் என்ன செய்கிறது?

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “1964 தனுஷ்கோடிப் புயலை வைத்து ஒரு நாவல் தொடங்கினேன். நான்காம் அத்தியாயத்தில் இருக்கும்போது கீழக்கரைச் சங்கு வியாபாரக் குடும்பம் ஒன்றின் கதை தோன்றியது, அதற்குத் தாவினேன். இப்போது கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிக் குறுநாவல். மூன்றும் பாதியில் நிற்கின்றன. தேவிபட்டினம் கடலில் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைச் சுற்றிவந்தால் தடை நீங்கும் என்கிறார்கள். அறிவியல் என்ன சொல்கிறது?”

புதுக் கதை இழுப்பதில் மர்மம் இல்லை. புதியதைக் கண்டால் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைச் செல்கள் துடிப்பாகும். நான்காம் அத்தியாயத்தில் அந்தப் புதுமை தீர்ந்துபோயிருக்கும். கையிலுள்ள வேலைக்காக மூளை அப்போதைக்கு வைத்திருக்கும் செயல்நினைவும் சிறியது, ஒரு நேரத்தில் ஏறத்தாழ நான்கு விஷயங்களைத்தான் தாங்கும்.

தாவும்போது நடப்பதை 2001இல் உளவியலாளர்கள் ரூபின்ஸ்டைன், மேயர், எவன்ஸ் மூவரும் இரண்டு படிகளாகப் பிரித்தார்கள்: இலக்கை மாற்றுவது, பிறகு பழைய வேலையின் விதிகளை அணைத்துவிட்டுப் புதியதன் விதிகளை ஏற்றுவது. ஆய்வகக் கணக்குகளில் விதிகள் கொஞ்சம்தான். நாவலுக்கோ கதைசொல்லி யார், எந்த ஆண்டு, யாருக்கு எது தெரியும், எந்த ஊர்ப் பேச்சு என்று விதிகள் நீளும். அணையாமல் ஒட்டிக்கொண்ட விதி தாளில் காட்டிக்கொடுத்துவிடும். தங்கச்சிமடத்துக் கிறிஸ்தவ மீனவர் வீட்டுப் பையன் திடீரெனக் கீழக்கரை முஸ்லிம் வீட்டுப் பிள்ளை போல அப்பாவை ‘வாப்பா’ என்பான். கச்சான் காற்று அடிக்க வேண்டிய ஆனி மாதத்தில் குளிர்கால வாடை வீசும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1927இல் வெளியான ஆய்வுக்காக, பெர்லினில் உளவியலாளர் புளூமா ஜெய்கார்னிக் சிலருக்குச் சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, பாதி வேலைகளை நடுவில் நிறுத்தினார். நிறுத்தப்பட்டவையே அதிகம் நினைவில் நின்றன என்றார். அந்த நினைவுக் கணக்கு பிற்காலச் சோதனைகளில் நிலையாக வரவில்லை. அடுத்த ஆண்டு மரியா ஓவ்சியான்கினா கண்டது அதைவிட உறுதியானது: வாய்ப்புக் கிடைத்தால், யாரும் சொல்லாமலே, மனிதர்கள் விட்ட வேலைக்குத் திரும்பப் போகிறார்கள். முடிக்காமல் விட்ட இலக்கு சும்மா கிடப்பதில்லை, கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு வேலையிலிருந்து மறுவேலைக்குப் போன பிறகும் கவனத்தின் ஒரு பங்கு பழையதிலேயே தங்கிவிடுவதை 2009இல் சோஃபி லெராய் ‘கவன எச்சம்’ என்றார்.

அந்தக் கூப்பாட்டை அடக்க வேலையை முடித்தே ஆகவேண்டுமா? 2011இல் மாசிகாம்போவும் பௌமைஸ்டரும் இதைத்தான் சோதித்தார்கள். முடிக்காமல் விட்ட வேலைகளை நினைவூட்டிவிட்டு, ஒரு புனைகதைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். மனம் அலைந்தது. இன்னொரு குழு அதே வேலைகளுக்குத் திட்டம் எழுதிவிட்டுப் படித்தது, அலைச்சல் அடங்கிவிட்டது. ஒரு வேலையும் முடியவில்லை, தாளில் திட்டம் மட்டும் இருந்தது! மூளை கேட்பது முடிவை அல்ல, எப்போது எப்படித் தொடர்வோம் என்ற உறுதியை.

ஆகவே எழுந்திருக்கும் முன் கடைசி ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குங்கள். ‘நாளைக்குத் தொடரணும்’ என்று எழுதினால் வேலை செய்யாது. அதில் நேரமும் இல்லை, முதல் அசைவும் இல்லை. இப்படி எழுதுங்கள்: “செவ்வாய் காலை 5.30, திண்ணை. வள்ளத்தைக் கரையேற்றிய இடத்தில் நிற்கிறது. அடுத்து ஸ்டேஷனுக்குப் போகிறான். ரயில் வராது என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.” யாருக்கு எது தெரியாது என்ற குறிப்பை விடாதீர்கள், முதலில் மறப்பது அதுதான். மறுநாள் கடைசி இரண்டு பக்கம் மட்டும் படியுங்கள். முதல் பக்கத்திலிருந்து படித்தால் திருத்தத் தொடங்கிவிடுவீர்கள், காலை போய்விடும்.

புதுக் கதை வந்தால் விரட்டாதீர்கள். தனி நோட்டில் பத்து வரி, அதற்குக் கீழே எந்தத் தேதியில் அதை மறுபடி எடுப்பது என்று ஒரு வரி. கதையில் பதினொன்றாவது வரி எழுதினால் நீங்கள் தாவிவிட்டீர்கள்.

நவபாஷாணம் சுற்றுவதால் கெடுதல் இல்லை, கடற்காற்றாவது கிடைக்கும். ஆனால் ‘தடை நீங்கட்டும்’ என்ற வேண்டுதலும் ‘நாளைக்குத் தொடரணும்’ போலத்தான்.

நடுவில் ஒரு ஆதங்கம். மேலே சொன்ன சோதனைகள் வேறு மொழிகளில் நடந்தவை. தமிழில் புனைவு எழுதுபவர்களிடம் இதைச் செய்துபார்க்கத் தாளும் கடிகாரமும் போதும். கோடிக்கணக்கில் கருவி வாங்கும் நிதிக்குழுக்களுக்கு இவ்வளவு மலிவான ஆய்வு கண்ணில் படுவதேயில்லை.

இரண்டு கதைகளை விடவே முடியாது என்றால், பாக் நீரிணையில் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் நாள் பிரித்திருப்பது போல நாள் பிரியுங்கள். காலை ஒன்று, மாலை ஒன்று என்று வேண்டாம். ஒன்று எழுதும் நிலையிலும் மற்றது திருத்தும் நிலையிலும் இருந்தால் விதிகள் மோதுவதும் குறையும்.

மூன்றில் எதை முதலில் எடுப்பது? குறுநாவலை. சிறியது என்பதால் சீக்கிரம் முடிக்கக்கூடியது அதுதான். லெராயின் சோதனையில் வேலையை முடிப்பது மட்டும் போதவில்லை. நேர நெருக்கடிக்குள் முடித்தவர்களே அதிலிருந்து முழுதாக விலகி அடுத்ததற்குள் போனார்கள். ஆகவே பாசிக்காரப் பெண்களுக்கு ஒரு கெடு வையுங்கள், கொஞ்சம் இறுக்கமாகவே. தனுஷ்கோடிக்கும் கீழக்கரைக்கும் இன்றைக்கே ஆளுக்கு மூன்று வரித் திட்டம் எழுதி, கெடுவுக்கு மறுநாள் தேதியைப் போட்டு மூடிவையுங்கள்.