முட்டிக்குள் சுண்ணாம்பு: தெளுவு ஏன் கள்ளாவதில்லை?

சித்திரை வெயில் ஏறுவதற்குள் தாராபுரம் பக்கம் போனால் பனையோலைப் பட்டையில் தெளுவு குடிக்கலாம். மற்ற ஊர்களில் பதநீர் என்பதைத்தான் கொங்கு நாட்டில் தெளுவு என்கிறோம். குடிக்கும்போது மரத்திலிருந்து இறக்கிய முட்டிக்குள், அதாவது சாறு வடியக் கட்டும் மண்கலயத்துக்குள், ஒருமுறை எட்டிப் பாருங்கள். உட்புறம் வெள்ளையாக இருக்கும். அது சுண்ணாம்புப் பூச்சு. அது மட்டும் இல்லையென்றால், அதே மரத்தில் அதே பாளையிலிருந்து வடிந்தது விடியும்போது கள்ளாகியிருக்கும்.

சீவிய பாளையில் சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது காப்பிக்குப் போடுகிற அதே சர்க்கரை. ஈ, தேனீ, காற்று, பழைய முட்டியின் அடியில் ஒட்டிய வண்டல் என்று எந்த வழியிலாவது ஈஸ்ட் வந்து சேர்ந்துவிடும். அது முதலில் சுக்ரோஸை குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கும். பிறகு அவற்றைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே விடும். கள்ளில் பொங்குகிற நுரை அந்த வாயுதான்.

திராட்சைச் சாறு வைன் ஆவதும் இதே ஈஸ்டால்தான். அப்படியானால் வைன் வருடக்கணக்கில் நிற்க, கள் மட்டும் ஏன் ஒரே நாளில் கெட்டுப்போகிறது? ஆல்கஹால் அளவும் ஒரு காரணம்தான், ஆனால் வித்தியாசம் சாற்றிலேயே தொடங்கிவிடுகிறது. புளிப்பை அளக்கிற எண்ணுக்கு பிஹெச் என்று பெயர்; 7 நடுநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்கப் புளிப்பு. திராட்சைச் சாறு புளிப்பானது, அதன் பிஹெச் அளவு 3-க்கும் 4-க்கும் நடுவில். அந்தப் புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தலைதூக்க முடியாது, ஈஸ்ட் தாங்கிக்கொள்ளும். பனஞ்சாறோ 7-ஐ ஒட்டி நிற்கிறது, புளிப்புமில்லை காரமுமில்லை (மிளகாய்க் காரமல்ல, புளிப்புக்கு எதிரான காரத்தன்மை). கதவே இல்லாத வீடு மாதிரி. ஈஸ்டோடு லாக்டிக் பாக்டீரியாவும் நுழைந்து புளிக்க வைக்கும். அப்புறம் அசிட்டிக் பாக்டீரியா காற்றின் துணையோடு ஆல்கஹாலையே காடியாக்கிவிடும். காலையில் இனித்த கள் சாயங்காலம் புளிப்பது இதனால்தான்.

சரி, சுண்ணாம்பு என்ன செய்கிறது? சாற்றைக் காரப் பக்கம் தள்ளுகிறது. புளிப்பைத் தாங்குகிற ஈஸ்டுக்குக் காரம் ஒத்துவராது, பாக்டீரியாக்களும் முடங்கிவிடும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சுண்ணாம்பு தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம்கூடக் கரையாது. அதனால் பூசியது ஒரேயடியாகக் கலந்து நாக்கைப் பொத்துவிடுவதில்லை. ராத்திரி முழுக்கச் சாறு சொட்டச் சொட்ட, புளிப்பு தலைகாட்டத் தலைகாட்ட, பூச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஆனாலும் அளவு முக்கியம். கூடினால் தெளுவு கசக்கும், குறைந்தால் புளிக்கும்.

பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் நீரா, அதாவது புளிக்காத தென்னஞ்சாறு, இறக்கும்போது சுண்ணாம்புக்குப் பதிலாக ஐஸ் பெட்டியைக் கட்டுகிறார்கள். குளிரில் ஈஸ்ட் சோம்பிக் கிடக்கும், அவ்வளவுதான். சூடேறினால் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும்.

சுண்ணாம்பு குறைந்தது நாக்குக்குத் தெரியாமல் போனாலும் கருப்பட்டி காய்ச்சும்போது தெரிந்துவிடும். சுக்ரோஸ் உடையாமல் இருந்தால்தான் பாகு மணிமணியாகக் கட்டும். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கலந்துவிட்டால் அது எளிதில் கட்டாது. புளித்த தெளுவை எவ்வளவு நேரம் கிண்டினாலும் கொட்டாங்குச்சியில் ஊற்றியது கொழகொழவென்று அப்படியே கிடக்கும்.