ஸ்லாஷர் என்பதற்குத் தமிழ் ‘கீறல்’ அல்ல

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் அண்ணா வீட்டுக்குப் போயிருந்தேன். பெறாமகள் சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள். ஹொரர் படங்களின் வகைகள் பற்றி ஒரு கட்டுரை, முழுக்கத் தமிழில் எழுதவேண்டுமாம். ஸ்லாஷர், அதாவது முகமூடிக் கொலைகாரன் ஆட்களை ஒவ்வொருவராகக் கொல்லுகிற வகை, வந்த இடத்தில் பேனை நின்றுவிட்டது. அகராதியைப் பார்த்தால் ஸ்லாஷ் என்பதற்குக் ‘கீறு’ என்று போட்டிருக்கிறது, அதனால் ‘கீறல் படம்’ என்று எழுதி, வாசித்தும் காட்டினாள். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து கேட்டார்: “ஆர் கீறின படம் பிள்ளை?”

அம்மா கேட்டது சரிதான். எங்கள் தமிழில் படம் கீறுவது என்றால் சித்திரம் வரைவது. ‘கீறல் படம்’ என்று எழுதினால் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாசிக்கிறவருக்குப் பென்சிலும் கடதாசியும்தான் நினைவுக்கு வரும், முகமூடி போட்ட கொலைகாரன் வரமாட்டான். அன்றிரவு முழுக்க இந்தச் சொல் என்னை விடவில்லை.

முதலில் சொல்லின் பொருள். கத்தியின் நுனியால் குத்துவதல்ல ஸ்லாஷ், அதன் அலகால் நீளமாக வீசி இழுப்பது. வெட்டும் வேலைக்குத் தமிழில் சொற்பஞ்சமே இல்லை. வெங்காயத்தை அரிகிறோம், செவ்விளநீரைச் சீவுகிறோம், விறகைக் கொத்துகிறோம், பலாப்பழத்தைப் பிளக்கிறோம். கொழும்பின் காலி வீதியில் இரவு எட்டு மணிக்கு நடந்தால் இரும்புத் தட்டில் ரொட்டியைக் கொத்துகிற சத்தம் கடைக்குக் கடை கேட்கும், அதை யாரும் ‘வெட்டு ரொட்டி’ என்று சொல்வதில்லை. மேலிருந்து திரும்பத் திரும்ப விழுந்தால் கொத்து, ஒரே வீச்சு என்றால் வெட்டு, மேலோடு இழுத்தால் கீறல், முன்னும் பின்னும் போனால் அறுப்பு. இவ்வளவு நுட்பமாகப் பிரித்து வைத்திருக்கிற மொழியில் ஸ்லாஷருக்குச் சொல் கிடைக்காமல் போகுமா என்று நினைத்துத்தான் நானும் தேடத் தொடங்கினேன்.

வெட்டுப் படம்? அதைக் கேட்டால் உடனே ‘வெட்டுக்குத்து’ ஞாபகம் வரும், அது ஊர்ச் சண்டைப் படம், அரிவாளோடு நாலு பேர் துரத்துகிற படம். வாள்வெட்டுப் படம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ‘வாள்வெட்டு’ எங்கள் பத்திரிகைகளில் வடக்கிலிருந்து வரும் செய்திகளின் தலைப்பு, அதற்குப் பின்னால் ஆசுபத்திரியில் கிடக்கிற ஒருவரும் வாசலில் அழுகிற ஒரு தாயும் இருப்பார்கள். அதைப் பொழுதுபோக்குப் படத்துக்குப் பெயராக வைக்கக்கூடாது.

ஆங்கிலத்திலும் ஸ்லாஷர் சினிமாவில் பிறந்த சொல் அல்ல. ஆயுதத்தால் வெட்டித் திரிகிறவனைக் குறிக்கப் பல காலமாகவே இருந்த சொல் அது, பத்திரிகைகளும் அதைப் பயன்படுத்தின. 1938 இல் இங்கிலாந்தின் ஹலிஃபாக்ஸ் நகரத்தில் யாரோ ஒருவன் இருட்டில் ஆட்களை வெட்டுகிறான் என்று பெரும் பீதி கிளம்பியது. அவனுக்குப் பத்திரிகைகள் வைத்த பெயர் ‘ஹலிஃபாக்ஸ் ஸ்லாஷர்’. ஊரே கம்பும் தடியுமாக வீதிக்கு வந்தது. கடைசியில் விசாரித்தால், முறையிட்டவர்களில் பலர் தாங்களே தங்களைக் கீறிக்கொண்டதாக ஒப்புக்கொண்டார்கள். அப்படி ஒருவன் இருக்கவே இல்லை. படத்துக்குப் பெயராக இந்தச் சொல் பரவலாக ஒட்டிக்கொண்டது அதற்கு நாற்பது வருடம் கழித்து, 1970களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும்.

அந்தப் படங்களைப் போட்டுப் பாருங்கள், பெயரில் இருக்கிற வீச்சுவெட்டு அவற்றில் எவ்வளவு குறைவு என்று தெரியும். எல்லோரும் மூலம் என்று காட்டுவது 1960 இல் ஹிட்ச்கொக் எடுத்த ‘சைக்கோ’. அதில் குளியலறையில் நடப்பது குத்து. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குச் சொக்லேட் பாணியைத்தான் ஊற்றினார்கள். 1974 இல் டெக்ஸாஸை வைத்து வந்த படத்தில் மரம் அறுக்கிற இயந்திர வாள். 1980 இல் வந்த ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’தில் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு அம்பு. இந்த வகைக்கே இலக்கணம் வகுத்தது 1978 இல் ஜோன் கார்பென்டர் எடுத்த ‘ஹலோவீன்’, அதில் இரத்தம் தேடித்தான் பார்க்கவேண்டும். பயம் வருவது வேறு இடத்திலிருந்து. தொடக்கத்திலேயே கமராவைக் கொலைகாரனின் கண்ணாக்கி, வெட்டே தெரியாமல் நீளமாக வீட்டைச் சுற்றி, ஜன்னலால் எட்டிப் பார்த்து, படியேறி, நாங்களும் அவனோடு சேர்ந்து நடக்கிறோம். பிறகு முழுப் படத்திலும் அவன் வேலிக்குப் பின்னால் நிற்பான், தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்பான், திரும்பிப் பார்த்தால் இருக்கமாட்டான். அந்த முகமூடி கடையில் வாங்கிய, ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் கப்டன் கேர்க் முகமூடி, வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கண் ஓட்டைகளைப் பெருப்பித்தார்கள், அவ்வளவுதான் செலவு. எனக்கு இன்றைக்கும் கத்தியை விட அந்த முகத்தில் ஒன்றுமே இல்லாததுதான் பயம்.

வகையின் மரபுகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஒதுக்குப்புறமான ஒரு இடம், பெரியவர்கள் பக்கத்தில் இல்லாத இளவட்டங்கள், எப்போதோ நடந்து மூடி மறைக்கப்பட்ட ஒரு பழைய தப்பு, முகம் தெரியாத ஒருவன், ஒவ்வொருவராகக் குறையும் கூட்டம், எல்லாருக்கும் பிறகு மிஞ்சுகிற ஒரு பெண். இவற்றில் கத்தி எங்கே? பின்தொடர்வதும், ஒளிந்து பார்ப்பதும், தனியாகப் பிரிந்தவரைப் பிடிப்பதும் வேட்டைக்காரன் செய்கிற வேலை. வீரா டிக்கா என்ற ஆய்வாளர் 1990 இல் எழுதிய நூலில் ஸ்லாஷர் என்ற சொல்லையே தள்ளிவைத்துவிட்டு, பின்தொடர்பவனின் பெயரால் இவற்றை ‘ஸ்டோக்கர்’ படங்கள் என்றார். ஆங்கிலக்காரருக்கே பொருந்தாமல் இருந்த கத்தியை நாங்கள் ஏன் சுமக்கவேண்டும்?

ஹொரர் என்ற தாய்ச்சொல்லையும் ஒருக்கால் பார்ப்போம். அதன் வேர் லத்தீன் ‘ஹொரேரே’, மயிர் குத்திட்டு நிற்பது, நடுங்குவது. தமிழில் மயிர்க்கூச்செறிதல் என்கிறோமே, அதேதான், இரண்டு மொழியும் பயத்தைத் தோலில் கண்டுபிடித்திருக்கின்றன. பயம் எதனால் வருகிறது என்று தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது: “அணங்கே விலங்கே கள்வர்தம் இறைஎனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே.” இதை வைத்து ஹொரர் படங்களை அடுக்கிப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மயிர்க்கூச்செறிந்தது. 1931 இல் வந்த ‘டிராகுலா’ அணங்கு, அதாவது மனிதருக்கு மேற்பட்ட பேய்ச்சக்தி. 1975 இல் வந்த சுறாப் படம் விலங்கு. ஸ்லாஷர் கள்வர், அதாவது இருட்டில் வருகிற மனிதன். ஆனால் அவன் அங்கேயே நிற்பதில்லை. சுட்டாலும் சாகமாட்டான், அடுத்த பாகத்தில் எழும்பி வருவான், 1984 இல் வந்த எல்ம் வீதிப் படத்தில் கனவுக்குள்ளேயே வந்துவிட்டான். கள்வனாகத் தொடங்கி அணங்காக முடிவதுதான் இந்த வகையின் போக்கு.

இது எங்களுக்குப் புதிதல்ல. 2011 ஓகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிய ஒருவன் இரவில் பெண்களைத் தாக்குகிறான் என்று இலங்கை முழுக்கப் பரவிய அந்தப் பயத்தை யார் மறப்பார்கள்? எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டு முன்விளக்கும் விடிய விடிய எரிந்தது, அம்மா குசினி ஜன்னலுக்குக் குறுக்கே பலகை வைத்துக் கட்டினார். ஒரே ஆளைச் சிலர் ‘மர்ம மனிதன்’ என்றார்கள், சிலர் ‘கிறீஸ் பூதம்’ என்றார்கள். கள்வரும் அணங்கும் ஒரே வாக்கியத்தில்.

சரி, தமிழ்நாட்டில் என்ன சொல்கிறார்கள்? ‘சைக்கோ படம்’ என்ற சொல் அங்கேயும் இங்கேயும் புழங்குகிறது. 1978 இல் பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, 1980 இல் மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த எங்கள் பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ இரண்டையும் அப்படித்தான் சொல்வார்கள். அவை நல்ல படங்கள், ஆனால் அங்கே கொலைகாரனின் மனசுக்குள் போகிறோம், ஸ்லாஷரில் அந்தக் கதவே திறக்காது. அதோடு, மனநோயையும் கொலையையும் ஒன்றாகக் கட்டிவிடுகிற சொல் எனக்கு வேண்டாம். மனநல ஆசுபத்திரி இருக்கிற அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே வசவாக்கி வைத்திருக்கிற நகரத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விடமுடியாது.

‘திகில் படம்’ அழகான சொல். கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு என்று அக்கம்பக்கத்திலும் உறவு உண்டு. ஆனால் பேயும் துப்பறிதலும் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும், இந்த ஒரு வகையைத் தனியாகச் சுட்டாது. வெறும் ‘வேட்டை’ என்றால் பொலிஸாரின் தேடுதல் வேட்டை குறுக்கே வரும். ‘தொடர்கொலை’ குற்றத்தின் பெயர். ஆகவே நான் கொடுத்த சொல் ‘கொலைவேட்டைப் படம்’. கத்தியோ கோடரியோ அம்போ, மனிதனோ பூதமோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அப்புறம் மிஞ்சுகிற பெண். கரோல் குளோவர் என்ற ஆய்வாளர் 1987 இல் எழுதிய கட்டுரையில் அவளுக்கு ‘ஃபைனல் கேர்ள்’ என்று பெயர் வைத்தார். இறுதிப் பெண் என்றால் இறுதிக்கிரியை வாடை அடிக்கிறது, உயிரோடு இருக்கிற ஒரே ஆள் அவள்தான். கடைசிப் பெண் என்றால் வீட்டில் கடைக்குட்டி. ‘எஞ்சியவள்’ என்று எழுதச் சொன்னேன்.

பெறாமகள் திருத்தி எழுதி, திரும்பவும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். “கொலைவேட்டை எண்டால், ஆர் ஆரை வேட்டையாடுறது?” என்று கேட்டார் அம்மா.

“கடைசிப் பத்து நிமிசத்தில அது மாறும் அப்பம்மா” என்றாள் அவள்.