ஈப்புலியின் கண் ஏன் நிறம் மாறுகிறது?

கிளிநொச்சியில் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருத்தி எனக்கு இரண்டு படங்கள் அனுப்பியிருந்தாள். விறாந்தைச் சுவரில் குந்தியிருந்த ஒரு சின்னச் சிலந்தி. கைப்பேசியில் கவ்வ வைக்கும் மக்ரோ வில்லையால், அதாவது சின்னதைக் கிட்டநின்று பெரிதாக எடுக்கும் வில்லையால் எடுத்தது. ஒரு படத்தில் அதன் முன்னிரு கண்களும் மைக்கறுப்பு. அடுத்ததில் அதே கண்கள் தேன்நிறம். “சேர், இரண்டு படத்துக்கும் இடையில் சிலந்தி அசையவே இல்லை. வெளிச்சமும் மாறவில்லை. வில்லை பழுதா?” என்று கேட்டிருந்தாள். மூன்றாவது படம் எடுப்பதற்குள் அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டாராம், சிலந்தி மூத்திரம் பட்டால் தோல் வெந்து கொப்பளிக்கும் என்று.

அம்மாவின் வழக்கை முதலில் முடித்துவிடுகிறேன். வயற்பக்கத்து வீடுகளில் இரவு விளக்கைத் தேடி ஒரு வண்டு வரும். எறும்பைப் போல ஒல்லியானது. உடம்பில் செம்மஞ்சளும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். பெடரஸ் என்பது அதன் பேரினப் பெயர். கழுத்தில் ஊரும்போது தூக்கக் கலக்கத்தில் தேய்த்து நசுக்கிவிடுவோம். உடலுக்குள் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் படும். ஓரிரு நாளில், தேய்த்த தடம் அப்படியே கோடாகக் கொப்பளித்து நிற்கும். அண்ணாந்து பார்த்தால் முகட்டு மூலையில் சிலந்தி! பழி அதன் தலையில் விழுகிறது. அந்த நஞ்சைத் தயாரிப்பது வண்டுகூட இல்லை, அதனுள் குடியிருக்கும் பக்டீரியா. அதே வண்டுதான் நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்திகளையும் தின்கிறது. ஆகவே அதையும் அடிக்க வேண்டாம். ஊதித் தள்ளினால் போதும்.

இனிக் கேள்விக்கு வருகிறேன். வில்லையில் பழுதில்லை, பிள்ளை. சிலந்தி அசையவில்லை என்றாயே, அங்கேதான் பிழை. அது கண்ணுக்குள்ளே அசைந்திருக்கிறது.

வலை கட்டிக் காத்திருக்காமல், பதுங்கி, அளந்து, பாய்ந்து இரை பிடிக்கும் சிலந்திக் குடும்பம் இது. தமிழில் இதற்கு ஈப்புலி என்றொரு சொல் உண்டு. குதிக்கும் சிலந்தி என்ற மொழிபெயர்ப்பைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். எட்டுக் கண்கள். பக்கத்திலும் பின்னாலும் சுற்றியிருக்கும் ஆறும் அசைவைக் கவனிக்கும் காவற்காரர்கள். முன்னால் லாரி விளக்குப் போல முழித்துக்கொண்டிருக்கும் இரண்டும்தான் உருவத்தைக் கூர்ந்து பார்ப்பவை.

வன்னியில் இவற்றைத் தேடிக் காட்டுக்குள் போகத் தேவையில்லை. போகவும் கூடாது: மிதிவெடி அகற்றாத நிலங்களில் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள் இன்னும் நிற்கின்றன. மக்ரோ படம் எடுப்பவனோ பின்பக்கம் பாராமல் முழங்காலில் நகர்கிறவன். நான் கிளுவைக் கதியால் வேலிகளோடு நிறுத்திக்கொள்வேன். காலை ஏழு மணிக்கு ஒரு வேலியை நிதானமாகப் பார்த்து முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். ஒருமுறை முசுறுக் கூட்டின் பக்கத்தில் ஒரு முசுறு மட்டும் நூலில் தொங்கியது. முசுறுக்கு ஏது நூல்? எண்ணிப் பார்த்தால் எட்டுக் கால். முன்னிரண்டையும் உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டிருந்த ஈப்புலி.

மக்ரோவின் பெரிய தலைவலி தெளிவின் ஆழம், அதாவது முன்பின்னாக எவ்வளவு தூரம் படத்தில் தெளிவாக விழும் என்பது. பூச்சியின் உண்மையான அளவே கமராவின் உணரியிலும் விழும்படி, அதாவது ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில், முழுச்சட்டக் கமராவில் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கினாலும் தெளிவாக விழும் படலம் ஒன்றேகால் மில்லிமீற்றர் அளவுதான். இரண்டு மடங்கு பெருப்பித்தால் அரை மில்லிமீற்றர். கண் தெளிந்தால் கால் மங்கும். மேலும் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதுமே மழுங்கும். வெளிச்சம் போதாததால் பிளாஷ் வேண்டும்; அதன் ஒளியை மென்மையாக்க முன்னால் நான் மாட்டுவது வெட்டிய யோகட் கோப்பை. மங்கலோடு மல்லுக்கட்டுவதுதான் இந்தக் கலையின் முக்கால்வாசி. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி நம்மை எங்கே வெல்கிறது என்று பார்க்கும்போது வேண்டியிருக்கும்.

நம் கண்ணைத் திருப்பும்போது வில்லை, விழித்திரை எல்லாம் சேர்ந்து உருள்கின்றன. ஈப்புலியின் வில்லையோ தலை ஓட்டிலேயே பதிந்திருக்கிறது, சுவரில் சீமெந்து வைத்துப் பூசிய கண்ணாடி போல. அதன் பின்னால் நீண்ட குழல். குழலின் அடியில் விழித்திரை. அந்தக் குழலை ஆறு தசைகள் பிடித்து இழுக்கின்றன. நம் கண்ணை அசைப்பவையும் ஆறு தசைகளே. வில்லை அசையாமல் நிற்க, பின்னால் குழல் மட்டும் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் திரும்பும். தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளவும் செய்யும். 1969ஆம் ஆண்டில் மைக்கேல் லேண்ட் என்ற ஆய்வாளர், கண்ணுக்குள் பார்க்கும் கருவியால் இந்த அசைவுகளைப் பார்த்துப் பதிவு செய்தார்.

ஏன் இத்தனை ஆட்டம்? மிகத் தெளிவாகப் பார்க்கும் விழித்திரை ஒரு கீலம்தான். உயரவாட்டில் ஏறத்தாழ 20 பாகையைப் பார்க்கும், நடுப்பகுதியின் அகலமோ ஒரு பாகை அளவு. வேலிப் பொட்டால் தெருவைப் பார்க்கும் கிழவியை நினைத்துக்கொள்ளுங்கள். போவது யாரென்று முழுதாக அறிய அவர் தலையை அங்கும் இங்கும் ஆட்டத்தானே வேண்டும்? ஈப்புலியும் அப்படித்தான் உன்னை ஒரு கீலம் கீலமாகத் தடவிப் பார்க்கிறது. அந்தக் கீலம் உன் பக்கம் திரும்பியிருக்கையில் வில்லை வழியே உனக்குத் தெரிவது கரிய விழித்திரை: கண் கறுப்பு. கீலம் வேறெங்கோ போனதும் தெரிவது குழலின் வெளிறிய உட்புறம்: கண் தேன்நிறம். உடல் வெளிறிய இனங்களில் இது நன்றாகத் தெரியும். பொரித்துச் சில நாளேயான வெளிறிய குஞ்சு கிடைத்தால் விடாதே. தலை ஓட்டின் ஊடாகவே இரண்டு குழல்களும் அசைவதை மேலிருந்து பார்க்கலாம்.

அந்த விழித்திரை ஒற்றைத் திரையும் அல்ல. ஒன்றின் முன் ஒன்றாக நான்கு அடுக்கு. கண்ணாடி வில்லை ஊதாவையும் சிவப்பையும் ஒரே இடத்தில் குவிப்பதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பாய். சிலந்தியின் வில்லையும் அப்படியே. பச்சை ஒளி குவிவது ஆக அடியிலுள்ள முதலாம் அடுக்கில். அதற்கு முன்னால் உள்ள இரண்டாம் அடுக்கில் குவிவது நீலம். அப்படியென்றால் இரண்டாம் அடுக்கு நீலத்தை உணர வேண்டும் அல்லவா? உணர்வதில்லை! அங்கே இருப்பதும் பச்சைக்கான நிறமியே. தனக்குரிய ஒளி ஒருபோதும் தெளிவாக விழாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, எப்போதும் மங்கலான படத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது அந்த அடுக்கு.

அந்த மங்கல்தான் தூரம் அளக்க அதற்கு அடிமட்டம். இரை கிட்ட இருந்தால் படம் வில்லையிலிருந்து மேலும் பின்தள்ளிக் குவியும். இரண்டாம் அடுக்கில் மங்கல் கூடும். இரை எட்ட இருந்தால் மங்கல் குறையும். தெளிந்த படத்தையும் மங்கிய படத்தையும் ஒப்பிட்டாலே தூரம் கிடைத்துவிடுகிறது. நான் யோகட் கோப்பையோடு நின்று துரத்திக்கொண்டிருக்கும் அதே மங்கலை ஈப்புலி அளவுகோலாக்கி வைத்திருக்கிறது. முதன்முதலில் இதை வாசித்த அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை.

ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதை நிறுவியது. அவர்கள் எடுத்தது ஹசாரியஸ் அடன்சோனி, வெப்ப நாடுகளின் வீடுகளில் சர்வசாதாரணமாகத் திரியும் ஈப்புலி. பச்சை ஒளியில் அது இரை மீது சரியாகப் பாய்ந்தது. பச்சை கலவாத சிவப்பொளியிலோ எட்டாமல் முன்னாலேயே விழுந்தது. சிவப்பு இன்னும் பின்னால் போய்க் குவிவதால் இரண்டாம் அடுக்கில் மங்கல் கூடுகிறது. மங்கல் கூடினால் இரை கிட்ட என்று சிலந்தி எடுத்துக்கொள்கிறது. ஒரு விளக்கின் நிறத்தை மாற்றி ஓர் உயிரின் கணக்கையே பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

சிலந்தியைப் பச்சை விளக்கிலும் சிவப்பு விளக்கிலும் குதிக்கவிட்டுப் பார்க்கப் பணம் வேண்டும் என்று நம்முடைய ஏதாவது ஒரு குழுவின் முன் போய்க் கேட்டுப் பாருங்கள். மக்களுக்கு என்ன பயன் என்பார்கள். 2019இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஈப்புலியின் இதே உபாயத்தைப் பின்பற்றி, 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள தட்டையான வில்லை ஒன்றால் இருவேறு மங்கலில் இரண்டு படங்களை விழுத்தித் தூரத்தை அளக்கும் உணரியைச் செய்து காட்டினார்கள். பயனைக் கேட்டுவிட்டுப் பணம் கொடுப்பது, காய்த்துக் காட்டினால் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தென்னம்பிள்ளையிடம் பேரம் பேசுவதற்குச் சமம் என்பது என் எண்ணம். தேடவே ஆளில்லாத இடத்தில் எதுவும் அகப்படாது. 2009இல் ஊரவர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய செத்த சிலந்தியிலிருந்து தொடங்கிய தேடலில்தான், விரித்த காலோடு 20 சென்ரிமீற்றர் வரும் புலிமுகச் சிலந்தி இனமொன்று மாங்குளத்தில் கண்டறியப்பட்டு, பொயிசிலோதீரியா ராஜாயி என்று பெயர் பெற்றது. உள்ளங்கையை நிறைக்கும் சிலந்திக்கே அவ்வளவு காலம் என்றால், அரிசி அளவு ஈப்புலிகளில் எத்தனை பெயரில்லாமல் திரிகின்றனவோ.

நீ செய்து பார்க்க வேண்டியது சுலபம். படம் வேண்டாம், காணொளி எடு. அம்மா உறங்கும் மதிய வேளையில், கைப்பேசியைச் சுவரோடு ஊன்றிப் பிடித்து, சிலந்தியின் நேர் முன்னாலிருந்து ஒரு நிமிடம் எடுத்தால் போதும். கண்ணில் கருமை வருவதும் போவதும் தெரியும்.

போன மாதம் ஒட்டுசுட்டான் பக்கத்து வேலியொன்றில் நான் எடுத்த நான்கு படங்கள் என்னிடம் இருக்கின்றன. முதலாவதில் இரண்டு கண்ணும் தேன்நிறம். என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. இரண்டாவதில் ஓரம் மட்டும் இருள்கிறது. மூன்றாவதில் இரண்டும் முழுக்கறுப்பு. நான்காவதில் கிளுவை இலை மட்டும் இருக்கிறது. சிலந்தி யோகட் கோப்பையின் மேல் நின்றது.