ஆமைகளை எண்ணினால் மட்டும் போதாது

குளத்தில் விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் 20 ஆமைகள் வரிசையாக வெயில் காய்கின்றன. பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும். இந்தக் கூட்டம் நிலைக்குமா அழியுமா என்று கணிக்கும் ஆய்வாளரோ அந்த வரிசையில் குட்டிகளைத் தேடுவார்.

சிக்கலே ஆமையின் ஆயுள்தான். வட அமெரிக்காவின் பிளாண்டிங் ஆமை முட்டையிடும் பருவத்தை எட்டவே 14 முதல் 20 ஆண்டுகள் ஆகும். 70 வயதைத் தாண்டியும் வாழும். பத்து ஆண்டுகளாக ஒரு குஞ்சுகூடப் பிழைக்காத குளத்திலும் கிழட்டு ஆமைகள் நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருக்கும்.

சரி, எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? வலைப்பொறியில் பிடித்து, ஓட்டின் விளிம்பில் சின்ன அரத்தால் ராவிக் குறி போட்டு விடுகிறார்கள். எந்தெந்தச் செதிலில் வெட்டு இருக்கிறதோ அதுதான் அந்த ஆமையின் எண். 50 ஆமைகளுக்குக் குறி போட்டு விட்டபின், அடுத்த முறை சிக்கிய 40-இல் 10 குறியோடு வந்தால், குளத்தில் ஏறக்குறைய 200 இருக்கும் என்று கணக்கு. ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியமானது, அதே ஆமைகள் ஆண்டுதோறும் திரும்பச் சிக்குகின்றனவா என்பது. பெரிய ஆமைகளில் எத்தனை சதவீதம் அடுத்த ஆண்டைப் பார்க்கின்றன என்பதை அதிலிருந்துதான் கணிக்கிறார்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பல பத்தாண்டுகள் நடந்த ஆய்வில் பிளாண்டிங் ஆமைகளுக்கு இந்தப் பிழைப்பு விகிதம் சுமார் 96 சதவீதம். புது வரவே இல்லையென்றாலும் 100 பெரிய ஆமைகள் பாதியாகக் குறைய 17 ஆண்டுகள் பிடிக்கும். அதை 93 ஆக்கிப் பாருங்கள்: அதே 17 ஆண்டுகளில் மிஞ்சுவது 29. முட்டையிடக் கரையேறும் பெண் ஆமைகள் சில சாலையில் அடிபட்டாலே அந்த மூன்று சதவீதம் போய்விடும்.

அப்புறம் கணினி. பிழைப்பு விகிதம், முட்டை எண்ணிக்கை, வறட்சி போன்ற தற்செயல்கள் எல்லாவற்றையும் கொடுத்து, அடுத்த 100 ஆண்டுகளை ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கிறார்கள். 300 முறை ஆமைகள் அடியோடு அழிந்தால் அழியும் வாய்ப்பு 30 சதவீதம். என் கண்ணுக்கு இதில் சுவையானது அந்த இறுதி எண் அல்ல, எந்த எண்ணைத் தொட்டால் முடிவு அதிகம் ஆடுகிறது என்பதுதான். முட்டைகளைக் கூண்டு போட்டுக் காப்பதைக் கூட்டினால் கொஞ்சம்தான் அசையும். பெரிய ஆமைகளின் பிழைப்பைத் தொட்டால் எல்லாமே புரண்டுவிடும்.

கனடாவின் அல்கோன்குவின் பூங்காவில் இது கணினிக்கு வெளியேயும் நடந்தது. 1980-களின் இறுதியில், குளிர்கால உறக்கத்தில் இருந்த ஸ்னாப்பிங் ஆமைகளை நீர்நாய்கள் கொன்று தின்றன. சில ஆண்டுகளிலேயே பாதிக்கு மேல் காலி. மிஞ்சியவை கூடுதலாக முட்டையிட்டு ஈடுகட்டவில்லை. 20 ஆண்டுகளுக்குப் பிறகும் பழைய எண்ணிக்கை திரும்பவில்லை.