பேட்டரி நிறைந்த பிறகு என்ன நடக்கிறது?

கடந்த கத்திரி வெயிலில், சிவகங்கைப் பக்கம் ஒரு சிறிய வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. “பேட்டரி தண்ணியா குடிக்குதுங்க, பத்து நாளைக்கு ஒருதடவை ஊத்த வேண்டியிருக்கு” என்றார் வீட்டுக்காரர். மாடியில் தலா 160 வாட் சோலார் பேனல் இரண்டு. கீழே 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி டியூபுலர் (ஈய-அமில வகை) பேட்டரி ஒன்று. நான்கு மாதங்களுக்கு முன், பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் சார்ஜ் கன்ட்ரோலர் பழுதானபோது, புதியது வரும்வரை ஓடட்டும் என்று யாரோ பேனல் ஒயரை நேராகப் பேட்டரியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். புதியது வரவே இல்லை. விளக்கும் மின்விசிறியும் ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அதைத் தேடவும் இல்லை.

பேட்டரி மாடிப்படிக்கு அடியில், கதவு போட்ட மர அலமாரிக்குள் இருந்தது. கதவைத் திறந்ததும் அமில நெடி தொண்டையைப் பிடித்தது. அலமாரியின் மேல்தட்டில் சாமி படங்கள். வெள்ளிக்கிழமை என்பதால் விளக்கும் எரிந்துகொண்டிருந்தது. முதலில் விளக்கைக் குளிர வைக்கச் சொன்னேன். பிறகு சன்னல்களைத் திறந்துவிட்டு, மாடியில் இரண்டு பேனல்களையும் தடித்த சாக்கால் மூடச் செய்தேன். மூடுவதற்கு முன் மல்டிமீட்டர் காட்டியது 16.1 வோல்ட்.

அந்த எண்ணின் பொருளை விளக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரி என்று நாம் சொல்வது, நிறைந்து ஓய்ந்திருக்கும்போது ஏறத்தாழ 12.7 வோல்ட்டும், சார்ஜ் ஏறும்போது அதற்கு மேலும் காட்டும். 14.4 வோல்ட்டை நெருங்கும்போது பேட்டரி பெரும்பாலும் நிறைந்துவிடுகிறது; அதற்குப் பிறகும் தள்ளப்படும் மின்சாரத்துக்குச் சேமிக்கப்பட இடமில்லாததால், அது உள்ளிருக்கும் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்குகிறது. 36 செல் கொண்ட “12 வோல்ட் பேனல்” சுமையில்லாதபோது 21 வோல்ட்டுக்கு மேல் தரக்கூடியது. எங்கே நிறுத்த வேண்டும் என்பது அதற்குத் தெரியாது. அதை அறிந்து, மின்னோட்டத்தைப் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் 13.5 முதல் 13.8 வோல்ட்டில் பிடித்து வைப்பதுதான் கன்ட்ரோலரின் வேலை. பலரும் அதைப் பேனலோடு இலவசமாக வரும் ஒரு டப்பாவாகவே நினைக்கிறார்கள்.

நிறைந்த பேட்டரியில் 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் வீணாகப் பாய்ந்தால், ஆறு செல்களிலும் சேர்த்து 25 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வெளிவரும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே அது தீப்பற்றும் கலவை. அந்த அலமாரியின் கொள்ளளவு 400 லிட்டர்தான் இருக்கும். கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். கதவிடுக்கு வழியாக வாயு கசிந்துகொண்டிருந்ததுதான் அந்த வீட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டும். தண்ணீர் கணக்கும் இதே கதையைத்தான் சொல்கிறது: இப்படிப் பிரிந்து ஒரு லிட்டர் தண்ணீர் குறைய, ஏறத்தாழ 500 ஆம்பியர் மணி வீணாகப் போயிருக்க வேண்டும். ஆகவே அடிக்கடி தண்ணீர் கேட்கும் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிற்காமல், நண்பகலில் அதன் வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டராக மட்டுமே இருக்கட்டும்; ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், அமிலம் கூடவே கூடாது.

நம் ஊர் வெப்பம் இதை இன்னும் கடினமாக்குகிறது. மேலே சொன்ன அளவுகள் 25 டிகிரிக்கு உரியவை. பேட்டரியின் வெப்பம் 40 டிகிரியைத் தொட்டால், சார்ஜ் வோல்ட்டேஜைச் சுமார் 0.4 வோல்ட் குறைக்க வேண்டும். வெப்ப உணரி உள்ள கன்ட்ரோலர்கள் இதைத் தாமாகச் செய்துகொள்ளும். ஆனால் அந்த உணரியைப் பேட்டரியின் மேல் ஒட்டாமல், சுருட்டிய நிலையில் கன்ட்ரோலருக்கு அருகிலேயே தொங்கவிட்டிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பியூஸ் இல்லாத வீடுகளும் ஏராளம். பேட்டரியின் இரு முனைகளும் ஒரு ஸ்பானரால் தொட்டுக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயலாம். 12 வோல்ட்தானே என்ற அலட்சியம் இங்கே செல்லாது. பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 20 ஆம்பியர் கன்ட்ரோலர் என்றால், 6 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் 30 ஆம்பியர் பியூஸும் பொருந்தும். வீட்டு மெயினில் இருக்கும் சாதாரண எம்.சி.பி.யை (மின்னோட்டம் மிகும்போது தானே துண்டிக்கும் சுவிட்ச்) பேனல் ஒயரில் போடக் கூடாது. வீட்டு மின்சாரம் வினாடிக்கு 100 முறை சுழியைத் தொடுவதால் அதன் தீப்பொறி எளிதில் அணைகிறது, பேனலிலிருந்து ஒரே திசையில் பாயும் டி.சி. மின்சாரத்துக்கு அந்த இடைவெளி இல்லாததால், பொறி அணையாமல் நீண்டு எம்.சி.பி.யையே உருக்கிவிடலாம். டி.சி. என்று குறிப்பிட்டதையே கேட்டு வாங்குங்கள்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல், கடைசியில் பேட்டரி. பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் மாட்டினால் அதன் முழு வோல்ட்டேஜும் கன்ட்ரோலரின் மேல் ஏறும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு மாறுகிறவர்கள் கன்ட்ரோலரில் பேட்டரி வகையை மாற்றாமல் விட்டுவிடக் கூடாது. செல்களைச் சமன்படுத்த டியூபுலருக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட்டேஜில் தரப்படும் ‘ஈக்வலைஸ்’ சார்ஜ் லித்தியத்துக்கு ஆகாது.

அந்த வீட்டில் பேட்டரியைக் காற்றோட்டமான பின்தாழ்வாரத்துக்கு நகர்த்தி, புதிய கன்ட்ரோலரும் பியூஸும் பொருத்தினோம். மறுநாள் மாலை, முழுச் சார்ஜுக்குப் பிறகு, அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் பார்த்தபோது நான்கு செல்கள் 1.240 காட்டின, மற்ற இரண்டும் 1.180ஐத் தாண்டவில்லை. நான்கு மாதம் கன்ட்ரோலர் இல்லாமல் நேரடியாகச் சார்ஜ் ஏறியதில் அவற்றின் தகடுகள் தேய்ந்திருந்தன. அடுத்த மழைக்காலம்வரை ஓட்டலாம், அதற்குள் வேறு பேட்டரிக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.