பக்கத்தின் கடைசிப் பாட்டு ஏன் பிசிறடிக்கிறது?

பழைய இசைத்தட்டு சேகரிக்கிறவர்கள் நாலு பேர் கூடினால், டி.எம்.எஸ்.ஸா பி.பி.ஸ்ரீனிவாஸா என்று ஆரம்பிக்கிற பேச்சு எப்படியும் இந்த இடத்துக்கு வந்துவிடும்: "எல்.பி.யில முதல் பாட்டு அவ்வளவு சுத்தமா இருக்கு, சைடு முடியுற இடத்துல வர்ற பாட்டு மட்டும் ஏன் கரகரங்குது?" ஊசி தேய்ந்துபோச்சு என்பார் ஒருவர், அச்சடித்ததே சரியில்லை என்பார் இன்னொருவர். இரண்டும் இருக்கலாம். ஆனால் ஊசியும் தட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் கடைசிப் பாட்டுக்கு ஒரு நஷ்டம் உண்டு, அது அந்தத் தட்டின் வடிவத்திலேயே இருக்கிறது.

எல்.பி. என்கிற பெரிய, நீண்ட நேரம் ஓடும் தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுகிறது, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. ஊசி விளிம்பில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும் இந்த வேகம் மாறாது. ஆனால் களத்தில் சூடடிக்கும்போது ஒரே பிணையலில் கட்டிய மாடுகளில் வெளி மாடு எட்டி நடக்கும், உள் மாடு நின்ற இடத்திலேயே திரும்புகிற மாதிரி தெரியும் அல்லவா, அந்தக் கணக்குதான் இங்கேயும். விளிம்பில், ஊசி ஓடுகிற நுண்ணிய பள்ளத்தின் ஆரம் சுமார் 146 மில்லிமீட்டர், அங்கே ஊசிக்கு அடியில் விநாடிக்கு 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது. பக்கம் முடிகிற இடத்தில் ஆரம் சுமார் 60 மில்லிமீட்டர், அங்கே விநாடிக்கு 21 சென்டிமீட்டர்தான் கிடைக்கிறது. முதல் பாட்டின் ஒரு விநாடி அரை மீட்டருக்கு மேல் நீட்டி எழுதப்பட்டிருக்கிறது, கடைசிப் பாட்டின் ஒரு விநாடியை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது.

பாட்டு அந்தப் பள்ளத்தின் நெளிவாகத்தான் பதிவாகியிருக்கிறது. 10,000 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 10,000 முறை அதிர்கிற ஒலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். வயலின் கூட்டத்தின் மினுமினுப்பு, ஜால்ராவின் ஓசை, பாடகி 'ஸ' என்று அழுத்தும்போது பல் இடுக்கில் பிறக்கிற காற்று, இவற்றிலெல்லாம் அந்த அளவு அதிர்வெண் கலந்திருக்கும். விளிம்பில் அதன் ஒரு நெளிவின் நீளம் 0.051 மில்லிமீட்டர், உள்ளே 0.021 மில்லிமீட்டர். சாதாரணக் கூம்பு வடிவ ஊசி முனையின் ஆரமே சுமார் 0.018 மில்லிமீட்டர். விளிம்பில் இந்த முனை வளைவோடு வளைந்து போய்விடும், உள்ளே முனை பெரிதாகவும் வளைவு சிறிதாகவும் ஆகிவிடுவதால் நெளிவுக்குள் முழுதாக இறங்க முடியாமல் மேலோடு தாவிக்கொண்டு போகிறது. மூலத் தட்டில் பள்ளத்தை வெட்டிய உளிக்கு முனை கூர்மையானது, அதனால் அது வெட்டிவிட்டது. அதைத் திரும்பப் படிக்க வருகிற ஊசி உருண்டையானது. உளி போன வழியும் ஊசி போகிற வழியும் ஒன்றாக இல்லாதபோது பிறப்பதுதான் அந்தப் பிசிறு. ஸ்வரம் பாடும்போது 'ஸ' வருகிற இடமெல்லாம் 'ஷ்' என்று சிதறுவதைக் கேட்டிருப்பீர்கள்.

இதோடு இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. ஒரே வேகத்தில் அசையும் உளி, தாழ்ந்த ஒலிக்கு அகலமாக ஆடும், உயர்ந்த ஒலிக்கு நுணுக்கமாக ஆடும். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு வேண்டிய ஆட்டம் 1,000 ஹெர்ட்ஸுக்கு வேண்டியதைப்போல 20 மடங்கு. அப்படியே வெட்டினால் தபேலாவின் ஒரு அடிக்குப் பள்ளம் பக்கத்துப் பள்ளத்துக்குள் புகுந்துவிடும், ஒரு பக்கத்தில் ஐந்து நிமிடம்கூட நிற்காது. ஆகவே வெட்டும்போது பேஸை, அதாவது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து, டிரெபிளை, அதாவது உயர்ந்த ஒலிகளைத் தூக்கிவிடுகிறார்கள். தட்டின் இரைச்சல் பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் காதைக் குத்தும் என்பதால், டிரெபிளைத் தூக்கி வெட்டிவிட்டுக் கேட்கும்போது இறக்கினால் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு தூக்குவது என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்த கம்பெனிகளுக்கு 1954 வாக்கில் ஆர்.ஐ.ஏ.ஏ. (அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனிகளின் சங்கம்) பெயரில் ஒரு பொது அளவு வந்தது. 1,000 ஹெர்ட்ஸை நடுவாக வைத்தால் 20 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 20,000 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய பத்து மடங்கு. ஆம்ப்ளிஃபயரின் 'ஃபோனோ' துளைக்குப் பின்னால் இருக்கும் சுற்று இதைத் தலைகீழாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. அந்தச் சுற்று இல்லாமல் சாதாரணத் துளையில் செருகினால் குரல் மெலிந்து கீச்சென்று கேட்பது இதனால்தான். டர்ன்டேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

இந்த ஏற்பாடு அற்புதமானது, இது இல்லாமல் எல்.பி.யே இல்லை. ஆனால் இதற்கான விலையைக் கொடுப்பது உள்பக்கப் பாட்டுதான். ஏற்கெனவே நெருங்கிக் கிடக்கிற நெளிவுகள், டிரெபிளைத் தூக்கியதால் இன்னும் செங்குத்தாகிவிடுகின்றன. மூலத் தட்டுக்குப் பாட்டைத் தயார் செய்கிற அனுபவமுள்ள மாஸ்டரிங் இன்ஜினியர்கள் முழங்குகிற பாட்டை விளிம்பிலும் மெல்லிய பாட்டை உள்ளேயும் வைக்க விரும்புவதற்கு இதுவே காரணம்.

சரி, அதே பாட்டு இ.பி. என்கிற சின்னத் தட்டிலும் வந்திருந்தால் எதை வாங்குவது? தமிழ் சினிமாப் பாட்டு சேகரிப்பவர்களுக்கு இது பெரிய வாக்குவாதம். ஏழு அங்குல இ.பி. நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடுகிறது. ஆரம்பத்தில் பள்ளம் விநாடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் ஓடும், கடைசிக்குச் சுமார் 25. அதாவது எல்.பி.யின் முதல் பாட்டை இ.பி. வெல்ல முடியாது, எல்.பி.யின் கடைசிப் பாட்டை வென்றுவிடும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாலு பாட்டு இ.பி.யில் ஒரு பக்கத்துக்கு ஏழு நிமிடம் என்று வைத்தால் 315 சுற்று, அதற்குக் கிடைக்கிற அகலம் சுமார் 30 மில்லிமீட்டர், ஒரு பள்ளத்துக்கு 0.1 மில்லிமீட்டர்கூட இல்லை. இருபது நிமிட எல்.பி. பக்கத்தில் 0.13 வரை கிடைக்கிறது. நெருக்கம் கூடினால் சத்தத்தைக் குறைத்துத்தான் வெட்ட வேண்டும், சத்தம் குறைந்தால் தட்டின் கரகரப்பு மேலே தெரியும். என்னைக் கேட்டால், பக்கத்துக்கு ஒரே பாட்டு உள்ள 45 சுற்றுத் தட்டு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம். நாலு பாட்டு இ.பி. என்றால், எல்.பி.யில் அந்தப் பாட்டு எந்த இடத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேகம்தான் எல்லாம் என்றால் 78 சுற்றுத் தட்டுகள் எல்லாவற்றையும் தோற்கடிக்க வேண்டுமே என்று கேட்கலாம். பத்து அங்குலத் தட்டின் விளிம்பில் விநாடிக்கு ஒரு மீட்டரை நெருங்குகிறது, உண்மைதான். ஆனால் அது அரக்கோடு கல்பொடி கலந்து செய்தது. கிராமபோனின் இரும்பு ஊசியைப் பள்ளத்துக்கு ஏற்றபடி தேய்த்துக்கொள்ளத்தான் அந்தப் பொடி, பக்கத்துக்கு ஒரு ஊசி மாற்றியதும் அதனால்தான். கே.பி.சுந்தராம்பாளின் குரலுக்குப் பின்னால் கேட்கிற அந்த இரைச்சலில் பெரும்பங்கு இந்தப் பொடியுடையது. அப்புறம், 78 தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி. ஊசியை வைத்தால் அது அடியில் போய் அழுக்கில் உரசும். அதற்கென்று தனி ஊசி வேண்டும்.

உள்பக்கப் பிசிறை முழுதாக ஒழிக்க வழியில்லை, நன்றாகக் குறைக்கலாம். நீள்வட்ட ஊசியில் பள்ளச் சுவரைத் தொடும் ஓரத்தின் ஆரம் சுமார் 0.008 மில்லிமீட்டர், அது மாற்றினாலே வித்தியாசம் தெரியும். ஊசியைத் தாங்குகிற கார்ட்ரிட்ஜை அளவுத்தாள் வைத்துச் சரியாகப் பொருத்துங்கள், அதைத் தாங்கும் கை ஒரு முனையில் மாட்டி வில்லாக நகர்வதால் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்பது இரண்டே இடங்களில்தான். அந்த இரண்டில் ஒன்று உள்பக்கத்துக்கு அருகில், 66 மில்லிமீட்டர் ஆரத்தில் விழும்படி வைப்பதுதான் வழக்கமான முறை. ஊசி தட்டை அழுத்துகிற எடை ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை, கார்ட்ரிட்ஜ் செய்தவர் சொன்ன அளவுக்கு. தட்டு தேயும் என்று பயந்து குறைவாக வைக்காதீர்கள், குறைந்தால்தான் ஊசி துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தும். கொத்தின சுவர் திரும்ப வராது.

ஆகவே பழைய தட்டு வாங்கும்போது கடைக்காரர் முதல் பாட்டைப் போட்டுக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு, கடைசிப் பாட்டில் வயலின்கள் எழும்புகிற இடத்தைப் போடச் சொல்லுங்கள்.